உரையைத் திருத்துவதா, செயலைத் திருத்துவதா?

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயில் வளாகத்தில் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டொன்று உளது. கா. இந்திரபாலா 1963இல் அதனைப் பதிப்பித்து ஆராய்ந்தார். ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்கும் பிறநாட்டு வணிகர் காக்கப்படல் வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியன. ஏனைய சரக்குக் கலமாயின் இருவர்க்கும் சரிபாதி என்பது அதன் சாரம்.

துறை அதிகாரி ஒருவன் குதிரைக் கலத்திலும் பாதியைக் கவர்ந்தான் எனக் கற்பனை செய்வோம். கல் ஒன்று கூற, செயல் வேறொன்றாகின்றது. கல்லிலே ‘பாதி’ எனத் திருத்திவிட்டால் முரண் நீங்கும், அநீதி நீங்குமா?

இவ்வினா இன்று கணினித் துறையிலே நாள்தோறும் எழுகின்றது. ஜாங்கோ, லாரவெல் முதலிய இணையச் சட்டகங்களைப் பல நாட்டவர் கூடி வளர்க்கின்றனர். நிரலின் ஒவ்வொரு பகுதியும் எதனைப் பெறும், எதனைத் திருப்பித் தரும் என விளக்கும் குறிப்புரைகள் நிரலுடனேயே எழுதப்படுகின்றன. நிரல் இயங்குங்கால் பொதுவாகப் பொறி அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஆதலின் நிரல் மாறிய பின்னும் உரை பழையபடியே நின்றுவிடுவதுண்டு. ‘தேடிய பெயர் இல்லையேல் வெற்றுப் பெறுமதி தரப்படும்’ என உரை கூற, நிரலோ வழுவை எழுப்பி நின்றுவிடும்.

இத்தகைய உரைகளைத் திருத்துவது அற்பப் பணி என்பாருளர். பொறி வாசியாதது மெய்யே. ஆனால் மனிதன் வாசிக்கின்றான், நம்புகின்றான், அந்நம்பிக்கையின்மேல் தன் நிரலைக் கட்டுகின்றான். உரையை முதலில் எழுதியவன் பொய்யன் அல்லன். அன்று அது மெய்யாயிருந்தது. இன்று அதன் பிழையை அறிந்தும் வாளா கடந்து செல்பவனே அப்பொய்க்குப் பொறுப்பாளியாகின்றான். வாய்மையைத் தீமை பயவாமையோடு இணைத்துக் கண்ட வள்ளுவர் மரபில் வந்த நமக்கு இது புதிதன்று.

எனினும் திருத்துவோன் அவசரப்படலாகாது. உரைகளுள் சில விவரணங்கள், சில வாக்குறுதிகள். விவரணம் காலத்தாற் பழுதுபட்டால் உரையைத் திருத்துவதே முறை. வாக்குறுதி மீறப்பட்டிருந்தால் திருத்தப்பட வேண்டியது நிரலே. இவ்விரண்டையும் பிரித்தறியாது, நிரல் செய்வதையே உரையில் எழுதிவிடுபவன் வழுவுக்கு விதியென்னும் தகுதியை அளித்துவிடுகின்றான். வழு நேர்ந்தமைக்கு இருந்த ஒரே சான்றையும் அழித்துவிடுகின்றான். ஆகவே அந்நிரல் எப்போது, எதற்காக மாற்றப்பட்டது என்பதனையும், அதனை நம்பியிருப்போர் எதனை எதிர்பார்க்கின்றனர் என்பதனையும் ஆராய்ந்த பின்னரே கை வைத்தல் தகும்.

உள்ளதை உள்ளவாறு உரைப்பது மட்டுமே வாய்மையாயின், அதிகாரியின் பாதிக் கணக்கைக் கல்லில் ஏற்றியவனும் வாய்மையாளனே. உரைத்தவாறு ஒழுகுவதும் வாய்மையின் கூறு என்பதாலேயே அவன் குற்றவாளியாகின்றான். கலமுடைந்து கரையேறிய வணிகனுக்குக் கல்லில் எழுதிய சொல்லையன்றி வேறு துணை யாது?