நகமளவு இடம்

பெண்கள் வீட்டிலிருந்தபடியே நகங்களில் ஒட்டிக்கொள்ளும் பூவேலை ஸ்டிக்கர்களைப் பற்றிச் சில காலமாகப் பல சகோதரிகள் வினவி வருகின்றனர். அவர்களுள் கல்லூரியில் பயிலும் ஒரு சகோதரியின் கேள்வி என்னைச் சிந்திக்க வைத்தது. "நகமே சிறியது. அதன்மேல் இருப்பதோ காகிதத்தினும் மெல்லிய ஒரு தாள். அதற்காக ஒளு கூடாது, தொழுகை கூடாது என்கிறீர்கள். அல்லாஹ் நம் உள்ளத்தைப் பார்க்கிறானா, நகத்தைப் பார்க்கிறானா?" என்று கேட்டிருந்தார். இதைத் துடுக்கென்று தள்ளிவிடுவது முறையன்று. மார்க்கத்தை விளங்கித் தொழ விரும்பும் உள்ளத்திலிருந்துதான் இத்தகைய கேள்வி பிறக்கும்.

முதலில் பொருள் இன்னதெனத் தெரிய வேண்டும். இவற்றில் ஒரு வகை, பூ, பிறை போன்ற சிறு படங்கள். தண்ணீரில் நனைத்துத் தாளிலிருந்து நழுவ விட்டு நகத்தில் பதித்து, மேலே ஒரு பூச்சுப் பூசிவிடுகிறார்கள். மற்றொரு வகை, நகம் முழுவதையும் மூடும் பசையுள்ள மெல்லிய உறை. அதை அழுத்தி ஒட்டி, ஓரத்தை அரத்தால் தேய்த்துவிட்டால் ஒரு வாரம், சில வேளை இரண்டு வாரம் வரை நிற்கும். விளக்கொளியில் காட்டி இறுகச் செய்யும் வகையும் உண்டு. எதுவாயினும் அது நகத்தின்மேல் ஒரு தனிப்படலம். மருதாணி அப்படியன்று. இலையிலுள்ள சாயம் நகத்தோடு கலந்து நிறமாகிவிடுகிறது, விழுதைக் கழுவியபின் மேலே ஒன்றும் தங்குவதில்லை. (கடைகளில் கூம்புகளில் விற்கும் சில சாயங்கள் தோலாக உரிந்து வருகின்றன. அவற்றுக்கு மருதாணி என்ற பெயர் இருப்பதாலேயே மருதாணியின் சட்டம் வந்துவிடாது.)

அலங்காரம் குற்றமா? குற்றமென்று கூற எவருக்கும் அதிகாரமில்லை. அல்லாஹ் தன் அடியார்களுக்கென வெளிப்படுத்திய அழகைத் தடை செய்தவர் யார் என்று திருக்குர்ஆன் (7:32) கேட்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்து மாலை ஒரு பயணத்தில் தொலைந்தது. அதைத் தேடுவதற்காக நபி (ஸல்) அவர்கள் படையையே நிறுத்தினார்கள். அங்கே தண்ணீர் இல்லை. மக்கள் முறையிட, அபூபக்ர் (ரலி) அவர்கள் மகளைக் கடிந்துகொண்டார்கள். அந்த நேரத்தில்தான் தயம்மும் பற்றிய வசனம் இறங்கியது. ஒட்டகத்தை எழுப்பியபோது மாலை அதன் அடியில் கிடந்தது. ஒரு பெண்ணின் நகை தொலைந்ததை முன்னிட்டு உம்மத் முழுவதற்கும் ஒரு சலுகை கிடைத்தது. ஆகவே பெண்கள் அழகு செய்துகொள்வதைக் கண்டாலே முகம் சுளிப்பவர்கள் இச்சம்பவத்தை மீண்டும் ஒருமுறை படிப்பது நல்லது.

இனி ஒளுவுக்கு வருவோம். முகத்தையும், முழங்கை வரை கைகளையும் கழுவும்படி திருக்குர்ஆன் (5:6) கட்டளையிடுகிறது. நகம் கையின் ஒரு பகுதி. ஒரு மனிதர் ஒளுச் செய்தபோது அவருடைய பாதத்தில் ஒரு நகமளவு இடம் நனையாமல் நின்றுவிட்டது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், திரும்பிச் சென்று ஒளுவைச் செம்மையாகச் செய்யும்படி கூறினார்கள். அவரும் சென்று செய்து, பின்னர் தொழுதார். உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம்முடைய மஜ்மூஃ நூலில், மெழுகோ பிசைந்த மாவோ உறுப்பில் ஒட்டியிருந்து நீரைத் தடுத்தால் சுத்தம் நிறைவேறாது என்றும், மருதாணியின் பொருள் நீங்கி நிறம் மட்டும் எஞ்சினால் பாதகமில்லை என்றும் தெளிவாக எழுதியுள்ளார்கள்.

அந்த மனிதரின் நிய்யத்தில் என்ன குறை இருந்தது? ஒன்றுமில்லை. நபியவர்கள் அவரைப் பாவியென்று சொல்லவில்லை, திரும்பிச் செய்யும்படி மட்டுமே சொன்னார்கள். இங்கே இரண்டு விஷயங்களை நாம் குழப்பிக்கொள்கிறோம். பாவமா என்பது ஒன்று, கடமை நிறைவேறியதா என்பது வேறொன்று. கடன் வாங்கியவர் பணத்தை மிகுந்த நல்லெண்ணத்தோடு எடுத்துச் சென்று, தெரியாமல் அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறார். அவரை மோசடிக்காரர் என்று எவரும் சொல்லார். ஆயினும் கடன் அப்படியே நிற்கிறது. உறையின்மேல் ஓடிய தண்ணீர் உறையைத்தான் கழுவியது.

அல்லாஹ் உள்ளத்தைப் பார்க்கிறான் என்பது உண்மை. ஆனால் நாம் பாதியில் நிறுத்திவிடும் அந்த ஹதீஸில் உள்ளங்களோடு செயல்களும் கூறப்பட்டுள்ளன.

மார்க்கம் இரக்கமற்றதோ என்று நினைக்க வேண்டாம். காயத்துக்குக் கட்டுப் போட்டிருந்தால் அதன்மேல் தடவ அனுமதியுண்டு. காலுறைக்கு ஊரில் இருப்பவருக்கு ஒரு நாளும், பயணிக்கு மூன்று நாட்களும் உண்டு. சாயத் தொழிலாளியின் நகத்தில் படிந்த சாயத்தை ஹனபீ அறிஞர்கள் மன்னித்துள்ளார்கள், அது அவருடைய பிழைப்பு. நோவுக்கும் குளிருக்கும் வயிற்றுக்கும் வளைந்து கொடுத்த சட்டம் அழகுக்காக ஏன் வளையக்கூடாது என்றால், அழகுக்கு அங்கே நெருக்கடி ஏதுமில்லை. மாலைக்கும் மருதாணிக்கும் இடம் இருக்கவே இருக்கிறது.

2013ஆம் ஆண்டையொட்டி, நீர் ஊடுருவும் நகப்பூச்சு என்றொரு பேச்சு முஸ்லிம் பெண்களிடையே பரவியது. போலந்து நாட்டு இங்லோட் நிறுவனத்தின் பூச்சைத் தாளில் தடவி, மேலே நீர்த்துளி விட்டுத் தேய்த்து, மறுபுறம் ஈரமானதைக் காட்டினார்கள். அறிஞர்கள் இதில் ஒருமித்துச் சொல்லவில்லை. நீராவி கசிவதைக் கழுவுதல் என்று என்னால் ஏற்க இயலவில்லை. எப்படியும் பிளாஸ்டிக் உறைக்கு அந்த வாதமும் பொருந்தாது.

ஒளுச் செய்தபின் ஒட்டிக்கொண்டவர், அந்த ஒளு முறியும்வரை தொழலாம். அடுத்த ஒளுவுக்கு அகற்றியே ஆகவேண்டும். ஹைளு நாட்களில் அணிவதில் தடையில்லை, கடமையான குளிப்புக்கு முன் நீக்கிவிட வேண்டும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மெல்ல எடுங்கள். பிய்த்து இழுத்தால் நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வரும். நகமோ மாதத்துக்குச் சுமார் 3 மில்லி மீட்டர்தான் வளர்கிறது. மணப்பெண்ணுக்கு நிக்காஹ் அன்று காலையில் ஒட்டிவிட்டு, லுஹரிலிருந்து இஷா வரை அவள் தொழுகையைக் களாவாக்கும் தாய்மார்கள், அந்தக் களாவில் தங்கள் பங்கும் உண்டென அறிய வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. மருமகளின் நகத்தைப் பார்த்து, "இவள் தொழுவதில்லை" என்றோ, "இன்று இவளுக்குத் தொழுகை இல்லை போலும்" என்றோ கூடத்தில் பேசும் வழக்கம் சில வீடுகளில் புகுந்திருக்கிறது. துருவி ஆராய்வதைத் திருக்குர்ஆன் (49:12) தடுத்திருக்கிறது. நகத்தில் நீர் படாததைப் பற்றிக் கவலைப்படும் நாவு, இதையும் கவனிக்கட்டும்.

மய்யித் குளிப்பாட்டும் ஒரு மூதாட்டி, இறந்த பெண்ணின் விரல்களில் இத்தகைய உறை இருந்தால் என்ன செய்வதென்று கேட்டார். நீக்க வேண்டும், ஆனால் பொறுமையாக நீக்க வேண்டும். கத்தியால் சுரண்ட வேண்டாம். மய்யித்தின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பானது என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். வெந்நீரில் நனைத்த துணியை விரல்களில் சற்று நேரம் சுற்றி வைத்தால் பசை இளகும். வீட்டிலுள்ள பெண்களில் ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தெடுக்கலாம்.