வாய் திறவாதவர்களுக்கும் சேர்த்து

இயேசு பாடினார் என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. பிரசங்கித்தார், அழுதார், படகில் தலையணை வைத்து உறங்கினார் என்பதெல்லாம் மனதில் நிற்கிறது. கடைசி இராப்போஜனம் முடிந்து ஒலிவமலைக்குப் புறப்படுமுன் சீஷர்களோடு துதிப்பாட்டுப் பாடினார் என்பதை மத்தேயுவும் மாற்கும் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். பஸ்கா இரவில் யூதர்கள் பாடிவந்தவை 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்கள்; அன்றும் அவற்றையே பாடியிருப்பார்கள் என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். யூதாஸ் எழுந்து போயாயிற்று. பேதுரு மறுதலிக்கப் போகிறான். இன்னும் சற்று நேரத்தில் தோட்டத்தில் தூங்கிவிடப் போகிறவர்களும் கூடவே பாடுகிறார்கள். அந்தக் குழுவில் சுருதி எப்படிச் சேர்ந்திருக்கும்?

ஆங்கிலேய பாப்டிஸ்டுகளிடையே சபைப்பாட்டுக்காக வாதாடியவர்கள் இறுகப் பிடித்துக்கொண்டது இந்த ஒரு வரியைத்தான். 17-ஆம் நூற்றாண்டில் அவர்களில் பலர் சபையாகச் சேர்ந்து பாடுவதையே ஏற்கவில்லை. அச்சடித்த ஜெபப் புத்தகத்தை விட்டுவிட்டு, ஆவியானவர் அந்தந்த வேளையில் தரும் வார்த்தைகளால் ஜெபிக்கத் துணிந்தவர்கள் அவர்கள். யாரோ எதுகை பார்த்து எழுதி வைத்ததை எல்லோரும் ஒரே குரலில் பாடினால், விட்டு வந்த புத்தகத்துக்குள்ளேயே திரும்பிப் போனதாகாதா? விசுவாசியோடு அவிசுவாசியும் சேர்ந்து பாடுவானே? பெண்கள் சபையில் குரல் எழுப்பலாமா? கடைசிக் கேள்வியில் எனக்கு உடன்பாடில்லை. மற்ற இரண்டையும் மடமை என்று தள்ள மனம் வரவில்லை. உதடு மட்டும் பாடி உள்ளம் எங்கோ நிற்கும் ஆராதனைக்கு அஞ்சியவர்கள் கேட்டவை அவை. அந்த அச்சம் நம்மிடமும் கொஞ்சம் இருந்தால் நல்லதுதான்.

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் ஹார்ஸ்லிடவுன் என்ற பகுதியில் போதகராக இருந்தார் பெஞ்சமின் கீச். பிள்ளைகளுக்காக ஒரு பாடப்புத்தகம் எழுதிய குற்றத்துக்காக 1664-இல் தலையும் கைகளும் மரச்சட்டத்தில் மாட்டப்பட்டு ஊர் பார்க்க நிறுத்தப்பட்டவர். அந்தப் புத்தகத்தையும் அங்கேயே எரித்தார்கள். அரசுக்கு வளையாத அந்த மனிதர், பாட்டு விஷயத்தில் தம் சபையாரிடம் எவ்வளவு வளைந்து கொடுத்தார் என்று பாருங்கள். 1673 வாக்கில் திருவிருந்தின் முடிவில் மட்டும் ஒரு பாட்டு. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்து, நன்றி செலுத்தும் விசேஷ நாட்களிலும். ஞாயிறுதோறும் பாடும் வழக்கம் வந்தபோது 1690-கள் பிறந்துவிட்டன. அப்போதும் பாட்டு ஆராதனையின் கடைசியில்தான். மனச்சாட்சி இடங்கொடாதவர்கள் பிரசங்கமும் ஜெபமும் முடிந்ததும் எழுந்து போய்விடலாம். அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. ஐசக் மார்லோ என்பவர் 1690-இல் பாடுவதை எதிர்த்து நூல் எழுதினார். மறு ஆண்டே கீச் பதில் நூல் வெளியிட்டார். இத்தனைக்கும் பிறகு ஒரு சிறு பிரிவினர் சபையை விட்டே போனார்கள்.

புதுப் பாட்டொன்றை இரண்டு வாரத்தில் சபை பிடித்துக்கொள்ளாவிட்டால் நம் பாடகர் குழுக்கள் சலித்துக்கொள்கின்றன. ஒலிபெருக்கியைக் கூட்டுகின்றன, அதற்குப்பின் சபை பாடுகிறதா இல்லையா என்று யாருக்கும் கேட்பதில்லை. கீச்சின் பொறுமையை எண்ணும்போது எனக்குப் படுவது இதுதான்: பாட முடியாதவர் ஒருவர் எப்போதும் சபையில் இருக்கிறார். கொள்கையால் பாடாதவர் அந்தக் காலத்தில் இருந்தார். துக்கத்தால், வெட்கத்தால், களைப்பால் பாடாதவர் எக்காலத்திலும் இருக்கிறார். இசை ஊழியம் செய்கிறவர் அவரையும் கணக்கில் வைத்துத்தான் பாட்டைத் தெரிந்தெடுக்கிறார்.

அந்த ஊழியத்தில் பெரும்பகுதி கண்ணில் படாத வேலை. முழுக்கு ஞானஸ்நானம் நடக்கும் நாளில், தண்ணீரிலிருந்து ஏறியவரும் கொடுத்த போதகரும் ஈர உடையை மாற்றி வர நேரம் பிடிக்கும். சபை அந்த நேரத்தைப் பாடி நிரப்புகிறது. எத்தனை சரணம் போக வேண்டும் என்பது பக்கத்து அறையில் சட்டைப் பொத்தானோடு போராடுகிறவரைப் பொறுத்தது! வாத்தியக்காரருக்கு அது தெரியும். கதவைப் பார்த்தபடியே வாசிப்பார்.

பாட்டு எழுதுகிறவருக்கும் அது யாருக்கு உதவும் என்று முன்கூட்டித் தெரிவதில்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் ஹான்சன் பிளேஸ் பாப்டிஸ்ட் சபையில் ஆனி ஹாக்ஸ் என்றொரு பெண்மணி இருந்தார். 1872-இல் வீட்டு வேலைகளுக்கு நடுவே, ஒவ்வொரு நாழிகையும் ஆண்டவர் வேண்டும் என்ற கருத்தில் ஒரு பாட்டு எழுதினார். சபையின் போதகர் ராபர்ட் லௌரியே அதற்கு மெட்டமைத்துப் பல்லவியும் சேர்த்தார். துன்பத்தில் எழுந்த பாட்டல்ல அது. நல்ல வெயில் நாளில், நிறைந்த மனதோடு எழுதியது. அது ஏன் இத்தனை பேர் நெஞ்சைத் தொடுகிறது என்று அவருக்கே விளங்கவில்லை. 1888-இல் கணவரை இழந்தார். தாம் பிறருக்குக் கொடுத்த ஆறுதல் எத்தகையது என்பது அந்தப் பேரிழப்புக்குப் பிறகே தமக்குப் புரிந்தது என்று பின்னர் எழுதினார்.

தாமஸ் டார்சிக்குப் பாட்டின் ஆறுதல் வேறு முறையில் வந்தது. ஜார்ஜியாவில் ஒரு பாப்டிஸ்ட் பிரசங்கியாரின் மகன். கேளிக்கை விடுதிகளில் 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் புளூஸ் வாசித்தவர். அந்தக் கைவிரல்களின் பழக்கத்தோடே ஆலயத்துக்குள் வந்தார். தெருவின் தாளம் ஆலயத்துக்கு ஆகாது என்று முகம் சுளித்த போதகர்கள் இருந்தார்கள். 1932-இல் சிகாகோவின் பில்கிரிம் பாப்டிஸ்ட் சபையில் பாடகர் குழு அவர் பொறுப்பில் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் நகருக்குப் பாடப் போயிருந்தபோது தந்தி வந்தது. நிறைமாதமாக இருந்த மனைவி நெட்டி பிரசவத்தில் இறந்துவிட்டார். பிறந்த ஆண் குழந்தையும் பிழைக்கவில்லை. பாடுவதையே விட்டுவிட எண்ணியவர், சில நாட்கள் கழித்து ஒரு பியானோவின் முன் அமர்ந்தார். பழைய ஞானப்பாட்டு ஒன்றின் மெட்டு விரல்களுக்கு வந்தது. அதைத் தழுவி, கையைப் பிடித்து நடத்தும் என்று ஆண்டவரிடம் கேட்கும் ஒரு பாட்டு பிறந்தது. பாட முடியாதவர் அன்று அவரே. யாரோ ஒருவர் எப்போதோ செய்து வைத்த மெட்டுதான் அவருக்கு வாய் கொடுத்தது.

1968 ஏப்ரல் 4 மாலை, மெம்பிஸ் விடுதி மாடியில் நின்றபடி மார்ட்டின் லூதர் கிங், அன்றிரவுக் கூட்டத்தில் அந்தப் பாட்டை வாசிக்கும்படி ஓர் இசைக்கலைஞரிடம் கேட்டுக்கொண்டார். அடுத்த சில நொடிகளில் சுடப்பட்டார். அவருடைய அடக்க நாளில் அதை மஹாலியா ஜாக்சன் பாடினார். கிங்கும் ஒரு பாப்டிஸ்ட் போதகர்தான். எந்தத் துக்க வீட்டில் எதைப் பாடுவது என்று அறிந்தவர்.

டார்சி பில்கிரிம் சபையின் குழுவைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். அந்தப் பாட்டுக்கு முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கில் எழுதினார். அவற்றில் பெரும்பாலானவற்றை இன்று யாரும் பாடுவதில்லை. அவை எந்த வாரம் யாருக்கு உதவின என்பதற்குக் கணக்கும் கிடையாது. ஞாயிறு வந்தால் எதையாவது பாடியாக வேண்டும், அதற்காக எழுதினார்.