சோற்றுக்கு விலை உண்டா?

சோற்றை விற்பது பாவம் என்று பாகூர்ப் பக்கத்துப் பழைய ஆட்கள் சொல்வார்கள். நெல்லை விற்கலாம், அரிசியை விற்கலாம்; வெந்த சோற்றுக்கு வாங்கிய காசு வீட்டில் ஒட்டாது என்பாள் என் பாட்டி. ஏரிப் பாசனத்தால் புதுவையின் நெற்களஞ்சியம் என்று பேர் வாங்கிய ஊர், அந்த வீறாப்பு இருக்கத்தான் செய்யும். நானும் பயிர் வைத்தவன். ஊர்க் கல்யாணங்களில் இலை போட்டுப் பரிமாறி இடுப்பு வளைந்தவன். ஓசாகாவில் வேலை பார்க்கும் மகள் என்னைக் கியோட்டோவுக்குக் கூட்டிப்போய், ஆளுக்கு 30,000 யென் என்று கைசெகி என்ற ஜப்பானிய விருந்தில் உட்காரவைத்தபோது கோபம்தான் வந்தது. எங்கள் கணக்கில் அது ஏறக்குறைய பத்து மூட்டை நெல். "அப்பா, கணக்குப் போடாம சாப்பிடுங்க" என்றாள்.

ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. பச்சை மீன், சுட்ட மீன், வேகவைத்த கிழங்கு. எல்லாம் இரண்டு வாய், மூன்று வாய். அதைவிட மனதில் நிற்பது வேறு. தரையில் காலை மடக்கி உட்கார முடியாமல் நான் முட்டியைத் தேய்த்ததைப் பரிமாறிய அம்மாள் கவனித்திருக்கிறார். நான் கேட்கவில்லை, மகளும் கேட்கவில்லை. அடுத்த முறை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது கையில் கிண்ணத்தோடு ஒரு குட்டைப் பலகையும் இருந்தது. கடைசியாகச் சோறு. அது ஐப்பசி, அங்கே புது அரிசி வரும் காலம். மண்சட்டியை அப்படியே கொண்டுவந்து, மூடியைத் திறந்து காட்டிவிட்டு, இரண்டு பிடி வைத்தார்கள். புது அரிசி குழையும் என்று நாம் பழைய அரிசியைத் தேடுவோம். அவர்கள் அந்தப் புதுசுக்காகவே காத்திருக்கிறார்கள்.

இந்த விருந்து கடையில் பிறந்ததல்ல. ஜென் மடத்துச் சாப்பாட்டு ஒழுங்கும் தேநீர்ச் சடங்கும் சேர்ந்து வளர்த்தது. மடத்துச் சமையற்காரருக்கென்றே டோகன் என்ற துறவி 1237இல் ஒரு நூல் எழுதினார்: கிடைத்தது உயர்ந்த பொருளோ வெறும் கீரையோ, ஒரே மனதோடு சமைக்க வேண்டும் என்பது அதன் போதனை. 16ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ தேநீர்ச் சடங்கின் சாப்பாட்டை ஒரு சூப், மூன்று பதார்த்தம் என்ற அளவுக்கு எளிமையாக்கினார். அங்கே வீட்டுக்காரரே தட்டைத் தூக்கிவருவார். விருந்தினரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடமாட்டார். சாப்பிட்டவர் கடைசியில் கிண்ணத்தில் வெந்நீர் விட்டு, ஊறுகாய்த் துண்டால் துடைத்து, அதையும் குடித்துவிடுவார். பருக்கை மிஞ்சாது.  பிறகு இந்த விருந்தைக் கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், விலை வந்தது. தேநீர்ச் சடங்கில் தொடக்கத்திலேயே வரும் சோறு கடை விருந்தில் கடைசிக்குப் போனது.

விலை வந்ததால் விருந்தோம்பல் செத்துவிட்டதா? இல்லை என்றுதான் சொல்வேன். அந்தக் குட்டைப் பலகை பில்லில் இல்லை. காசு வாங்கிய கை கவனத்தைக் குறைக்கவில்லை. இந்த விஷயத்தில் பாட்டி சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இடறுவது வேறிடத்தில். மகளின் அலுவலகப் பெரியவர் ஒருவர் சொல்லிவைத்ததால்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. தெரிந்தவர் சொல்லாமல் புது ஆளை உள்ளே விடாத வழக்கம் கியோட்டோவின் பழைய விருந்துக் கடைகளில் உண்டு. யார் வருவார், எத்தனை பேர் என்று முன்பே தெரிந்தால்தான் அவ்வளவு கவனம் சாத்தியம், அதுவும் நியாயம்தான். ஆனால் பெரியபுராணத்து இளையான்குடி மாறனார் வீட்டுக் கதவைத் தட்டியவர் முன்கூட்டிச் சொல்லியா வந்தார்? நள்ளிரவு, மழை, வீட்டில் குன்றிமணி அரிசி இல்லை. பகலில் விதைத்த நெல்லை வாரிவந்து சமைத்தார்கள். நம் சைவம் கேட்கும் விருந்து அது: வருகிறவரை நீ தேர்ந்தெடுக்க முடியாது. பொறுக்கி எடுத்த விருந்தினருக்கு நூறு சதவீதம் கவனம் தருவதைவிட, யாரென்றே தெரியாதவருக்கு அரை வயிறு போடுவது பெரிய தர்மம் என்றே நினைக்கிறேன்.

உடனே நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். நம் பந்திக்கும் கதவு இருந்தது, அதற்குச் சாதி என்று பேர். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு கொல்லைப்புறத்தில் சட்டியோடு காத்து நின்றவர்களைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். வில்லியனூர் திருக்காமீசுவரர் தேர்வடத்தைப் பிரெஞ்சுக் கவர்னரே பிடித்திழுத்த ஊர்ப்பக்கம் இது. வடத்தில் ஒன்றானவர்கள் இலையில் ஒன்றாக நாளாயிற்று. கடலூர் தாண்டினால் வடலூர். அங்கே 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. சாதி கேட்காமல், சமயம் கேட்காமல் சோறு போட ஓர் இடம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, மற்ற இடங்களில் கேட்டார்கள் என்பதால்தானே?

இன்று நம் மண்டபங்களிலும் இலைக்கு இவ்வளவு என்றுதான் காண்ட்ராக்ட். ஜப்பான்காரனைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. விலையும் வந்துவிட்டது, கவனமும் போய்விட்டது: மோர் வருவதற்குள் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் கைவைத்து நிற்கிறார். கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்காமல் பார்த்துக்கொள்ள உறவில் ஒருவரை நிறுத்துங்கள். பத்திரிகை இல்லாமல் வந்து உட்கார்ந்தவரை, யார் வீட்டு ஆள் என்று கேட்டு எழுப்பாதீர்கள்.