சுரங்கமும் சொர்க்கமும்

கொடைக்கானல் சென்று திரும்பும் எழுத்தாளரின் பையிலே ஒரு கதை இருக்கும். கதையிலே ஏரி இருக்கும், பனி இருக்கும், படகு இருக்கும், படகிலே காதலர் இருவர் இருப்பர். துடுப்பு வலிப்பவன்? அவனும் இருப்பான் - பெயரின்றி, பேச்சின்றி, படகின் பலகைகளிலே ஒரு பலகையாக! கேட்டால், "அந்த இடந்தான் எனக்குக் கதையைத் தந்தது" என்பார் எழுத்தாளர்.

இடம் தந்ததா, இவர் எடுத்துக் கொண்டாரா? எடுத்துக் கொண்டார் எனில், அங்கு வாழும் மக்களுக்கு இவர் பட்ட கடன் ஏதும் உண்டா? இதனை இலக்கிய நயம் பற்றிய கேள்வியாக நாம் கருதவில்லை. அறம் பற்றிய கேள்வியாகவே கருதுகிறோம்.

1884 பிப்ரவரித் திங்கள். பிரான்சின் வடபகுதியிலே, ஆன்சான் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். சில நாட்களிலேயே அங்கு வந்து சேர்ந்தார் எமிலி ஜோலா. அன்றே புகழ் பெற்ற எழுத்தாளர் அவர். மேதான் என்னும் சிற்றூரிலே சொந்த வீடு உண்டு, மேசை உண்டு, சுரங்கம் பற்றிய நூல்களும் கிடைக்கும். அங்கிருந்தபடியே எழுதியிருக்கலாம், எவரும் தடுத்திருக்கமாட்டார். அவரோ, நாடாளுமன்ற உறுப்பினர் ஆல்ஃபிரட் ஜியார் துணையுடன் தொழிலாளர் குடியிருப்புகளிலே நடந்தார்; அவர்தம் பேச்சைக் கேட்டார்; சுரங்கத்தினுள்ளும் இறங்கினார். பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தார்.

அந்தப் பயணம் தந்ததென்ன? இருளை வருணிக்கும் சொற்களா? அவை மேதானிலேயே கிடைத்திருக்கும்! 1885ல் வெளிவந்த ‘ஜெர்மினல்’ நாவலைப் படித்தவர் அறிவர், கதை எங்கே பற்றிக்கொள்கிறதென்று. கரி வெட்டும் இடத்திலே கூரை சரியாதிருக்க மரமுட்டுக் கொடுக்க வேண்டும். முட்டுக் கொடுக்கும் நேரத்திலே கரி வெட்ட முடியாது; வெட்டிய கரிக்கே கூலி. எனவே பசித்தவன் முட்டை அரைகுறையாக நிறுத்திவிட்டுக் கரியை வெட்டுகிறான். நிர்வாகம் அபராதம் விதிக்கிறது. பின்னர், முட்டுக்குத் தனிக்கூலி தருகிறோம் என்று கருணை முகம் காட்டி, வண்டிக் கரிக்குரிய கூலியைக் குறைக்கிறது! கணக்குப் போட்டுப் பார்த்த தொழிலாளி கொதித்தெழுகிறான். ஒரு மரத்துண்டு - உயிருக்கும் வயிற்றுக்குமிடையே நிற்கும் மரத்துண்டு - அதிலிருந்து மூள்கிறது போராட்டம். ஏரியும் பனியும் தேடிச் செல்லும் கண்ணுக்கு அந்த மரத்துண்டு தெரியாது, தோழர்களே! கூலி என்னவென்று கேட்பவனுக்கே தெரியும்.

இங்கே ஒருவர் எழுந்து நம்மை மடக்கலாம். "ஜோலா தங்கியது ஏறத்தாழப் பத்து நாட்கள், பிறகு பாரிசு திரும்பிவிட்டார். வேலைநிறுத்தமோ 56 நாட்கள் நடந்து தோற்றது. தொழிலாளிக்குப் பட்டினி, ஜோலாவுக்குப் புகழ். இது சுரண்டலின் இன்னொரு வகை அல்லவா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எளிதிலே தள்ளிவிட நாம் விரும்பவில்லை. பிறர் துயரை மூலப்பொருளாக்கி விற்பனை செய்யும் எழுத்து உண்டு, நிரம்ப உண்டு. நாவல் வந்தபோதே, சுரங்கத்தினுள் பெண்கள் வேலை செய்வதை 1874ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டதே, ஜோலா பொய்யல்லவா எழுதினார் என்று பத்திரிகையிலே குற்றஞ் சாட்டினர். கதை நிகழும் காலம் மூன்றாம் நெப்போலியன் ஆட்சி என்று சான்று காட்டிப் பதிலளித்தார் ஜோலா. ‘கற்பனைதானே, கேட்காதீர்’ என்று ஒதுங்கவில்லை. கணக்குக் கேட்டவருக்குக் கணக்குக் கொடுத்தார். 1902ல் அவர் இறுதி ஊர்வலத்திலே சுரங்கத் தொழிலாளர் ‘ஜெர்மினல்! ஜெர்மினல்!’ என முழங்கிச் சென்றனர். கடன் முழுதும் தீர்ந்தது என்பதற்கு இது பற்றுச்சீட்டு ஆகாது. ஆயினும், தம்மைத் திருடியவன் பின்னால் எவரும் அப்படி முழங்கிச் செல்வதில்லை.

ஆண்டன் செகாவ் இன்னும் ஒரு படி மேலே சென்றவர். 1890ல், முப்பது வயதிலே, காசநோய் அரிக்கத் தொடங்கிய உடலோடு, ருசியாவின் கீழ்க்கோடியிலுள்ள சகாலின் தீவுக்குப் புறப்பட்டார். கைதிகளைக் கொண்டுபோய்த் தள்ளும் தீவு அது. சைபீரியாவைக் கடக்கும் ரயில் பாதை அன்று இல்லை. வண்டியிலும் ஆற்றுக் கப்பலிலும் போய்ச் சேரவே ஏறக்குறைய மூன்று மாதம். அங்கே மூன்று மாதம் தங்கிக் குடிசை குடிசையாக நுழைந்து பெயர், வயது, வந்த ஆண்டு, எழுத்தறிவு என்று ஏறத்தாழ 10,000 அட்டைகள் எழுதினார். உலகம் வியக்கும் சிறுகதை மன்னன், கணக்கெடுப்புக் குமாஸ்தாவானார்! அங்கு கண்டதைக் காவியமாக்கவில்லை. புள்ளிவிவரமும் விளக்கமும் நிறைந்த நூலாக்கினார். தீவின் பள்ளிகளுக்குப் புத்தகம் திரட்டி அனுப்பினார்.

திரும்பும் வழியிலே அவர் வந்த கப்பல் கொழும்பை அடைந்தது. ரயிலேறிக் கண்டி சென்றார். சகாலினை நரகமென்று கண்டவருக்கு இலங்கை சொர்க்கமாகத் தெரிந்தது. கடிதத்திலும் அவ்வாறே எழுதினார். அந்நாளிலே அத்தீவின் மலைகளிலே காப்பிச்செடி நோயால் அழிந்து, தேயிலை பரவிக் கொண்டிருந்தது. கங்காணியிடம் பட்ட கடனைக் கழிக்க முதுகு வளைத்தவர்கள், கடல் கடந்து சென்ற தமிழர்கள். சகாலினிலே ஒவ்வொரு கதவையும் தட்டிய அதே கரம், அவர்தம் லயன்களின் கதவைத் தட்டவில்லை.

குறை கூறுகிறோமா? இல்லை. நோயாளி, களைத்தவர், சில நாள் விருந்தாளி. கப்பல் பயணம் அவருக்குத் தந்த ‘கூசெவ்’ என்ற கதையும் உல்லாசக் கதை அன்று. கப்பலிலேயே செத்துக் கடலிலே வீசப்படும் ஏழைச் சிப்பாயின் கதை. அத்தகைய மனிதரின் கண்ணுக்கே இது நேர்ந்தது என்பதுதான் நம்மை உறுத்துகிறது. ஓடும் ரயிலின் சாளரத்திலிருந்து பார்ப்பவருக்கு, லயன்கள் பச்சை மலையினூடே சிறு சிறு புள்ளிகளாகத்தான் தெரிந்திருக்கும்.