அழைப்பு வரும்போது

திருப்பதி நகரில் வாழ்பவர்களிடம், "அண்மையில் மலைக்குச் சென்றீர்களா?" என்று கேட்டால், பலரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "இன்னும் அழைப்பு வரவில்லை." அலிபிரி அடிவாரம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும். படி ஏற உடலில் வலிமையும் இருக்கும். ஆயினும் ஆண்டுக்கணக்கில் மலையேறாதவர்கள் அங்கே உண்டு. அதே சமயம், எங்கோ வடகோடியிலிருந்து ஒருவர் எதிர்பாராமல் வந்து தரிசித்துச் செல்வார். "அவன் அழைத்தால்தான் போக முடியும்" என்பது அவ்வூர் மக்களின் உறுதியான நம்பிக்கை.

இந்த நம்பிக்கையில் பக்தி இருக்கிறது. ஆனால் நம்மை அழைப்பவை ஆலயங்கள் மட்டும்தானா? தரிசனத்திற்கு வரும் அழைப்பை ஏங்கி எதிர்பார்க்கும் நாம், கடமைக்கு வரும் அழைப்பை எவ்வாறு ஏற்கிறோம்? இதைச் சிறிது சிந்திப்போம்.

நீதிமன்றத்திலிருந்து வந்த ஓலை

அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் குடியுரிமை பெற்று வாழும் நம்மவர்களுக்கு ஒருநாள் தபாலில் ஓர் உத்தரவு வரும். 'இன்ன நாளில் நீதிமன்றத்திற்கு வந்து ஜூரியாகப் பணியாற்ற வேண்டும்' என்பது அதன் சாரம். குடிமக்களின் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் பெயர்கள் எடுக்கப்படுகின்றன. சிலருக்கு இரண்டு மூன்று முறை வருகிறது. சிலருக்கு ஆயுள் முழுவதும் வருவதே இல்லை. வந்தவர்களில் பலர் எப்படித் தப்பிப்பது என்று யோசிக்கிறார்கள். வராதவர்களில் சிலர், தங்களை ஒருமுறைகூட அழைக்கவில்லையே என்று குறைப்படுகிறார்கள்.

இது அயல்நாட்டுச் செய்தி என்று எண்ண வேண்டாம். நம் நாட்டிலும் இம்முறை இருந்தது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, செஷன்ஸ் நீதிமன்ற வழக்குகள் ஜூரர்களைக் கொண்டோ, 'அஸெஸர்கள்' எனப்பட்ட ஆலோசகர்களின் துணைகொண்டோ விசாரிக்கப்பட்டன. 21 முதல் 60 வயது வரையிலான ஆண்கள் இப்பணிக்குக் கடமைப்பட்டவர்கள் என்றது அச்சட்டம். ஆலயங்களில் பூசை செய்வோர், மருத்துவர், வழக்கறிஞர் முதலியோருக்கு விலக்கு உண்டு. தக்க காரணமின்றி வராதவருக்கு நூறு ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஜூரர்களின் தீர்ப்புக்கு வலிமை அதிகம். அஸெஸர்களோ தம் கருத்தைத் தனித்தனியே சொல்வார்கள். அதை ஏற்பதும் தள்ளுவதும் நீதிபதியின் பொறுப்பு.

சித்தூர் அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராகவும், பின்னர் தன் பெயரிலமைந்த மாவட்டத்தின் தலைநகராகவும் விளங்கிய ஊர். அங்கே வெல்ல மண்டி வைத்திருந்த என் பாட்டனாருக்கு 1946இல் அப்படி ஓர் உத்தரவு வந்தது.

பாட்டனாரின் வருத்தம்

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில் எழுந்த தகராறு ஒரு கொலையில் முடிந்திருந்தது. நான்கு அஸெஸர்களில் ஒருவராகப் பாட்டனார் அமர்ந்தார். சாட்சிகள் இருவரும் இறந்தவரின் உறவினர்கள். விசாரணை முடிந்ததும் நீதிபதி ஒவ்வொருவரையும் கேட்டார். மூவர் "குற்றவாளி" என்றனர். பாட்டனார் மட்டும் "எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்றார். நீதிபதி மற்ற மூவரின் கருத்தோடு உடன்பட்டு ஆயுள் தண்டனை விதித்தார்.

பாட்டனார் இதை எங்களிடம் பலமுறை கூறியிருக்கிறார். சிறுவனாக இருந்த நான் ஒருமுறை, "நீங்கள்தான் சந்தேகம் என்று சொல்லிவிட்டீர்களே, தாத்தா! பிறகு ஏன் வருத்தப்படுகிறீர்கள்?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் இது:

"சந்தேகம் என்று சொன்னேன், வாஸ்தவம்தான். என்ன சந்தேகம் என்று அந்த துரை கேட்டபோது என்னால் சொல்ல முடியவில்லையடா. இரண்டு நாள் அங்கே உட்கார்ந்திருந்தேன். அதில் பாதி நேரம் என் மனசு மண்டியில் இருந்தது. வெல்லம் இறக்கினார்களா, எடை சரியாகப் போட்டார்களா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சாட்சி சொன்னதை முழுசாகக் கேட்டிருந்தால் காரணத்தோடு பேசியிருப்பேன். ஒரு மனுஷனுடைய ஆயுசு என் காதுக்கு எதிரே நின்றது. நான் அதற்குப் பாதிக் காதுதான் கொடுத்தேன்."

எதிர்வீட்டில் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் பட்டியலில் இருந்தும் ஒருமுறைகூட அழைப்பு வரவில்லை. "பகவான் என்னைக் காப்பாற்றினார். பிறர் பாவத்தை எடைபோட நாம் யார்?" என்று அவர் கூறுவார். பாட்டனார் மறுத்துப் பேசியதில்லை. ஆனால் அந்த வாசகம் என் மனத்தில் தங்கிவிட்டது. 'எடைபோட நாம் யார்?' என்பது பணிவா, அல்லது பணிவின் வேடம் அணிந்த விலகலா?

குடத்திலிருந்து எடுத்த ஓலை

வேங்கடத்தை வட எல்லையாகக் கொண்ட தொண்டை மண்டலத்தில் இந்தக் கேள்வி பழையது. காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதி உடையவர்களின் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்தனர். முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர். ஒருமுறை வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு மீண்டும் வர இயலாது.

சிறுவனின் கை ஏன் தேவைப்பட்டது? 'நான் சிறந்தவன், ஆகவே தேர்ந்தெடுக்கப்பட்டேன்' என்று எவரும் இறுமாப்புக் கொள்ளக் கூடாது. 'என்னை வேண்டுமென்றே சிக்கவைத்தார்கள்' என்று எவரும் முறையிடவும் கூடாது. குலுக்கலில் வந்த பொறுப்பில் அகங்காரத்திற்கு இடமில்லை. நாம் தேடாமல் நம்மிடம் வந்து நிற்கும் கடமையைக் கீதை சிறப்பித்துப் பேசுவதும் இதனால்தான். தானே தேடிச்செல்லும் செயலில் ஆசை கலந்திருக்கலாம். தேடாமல் வந்த கடமையில் அந்தக் கலப்புக் குறைவு.

கனியைத் தின்ற தம்பி

சித்தூரிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில், பாகுதா நதிக்கரையில் காணிப்பாக்கம் இருக்கிறது. அங்குள்ள வரசித்தி விநாயகர் கிணற்றில் சுயம்புவாகத் தோன்றியவர் என்பது தலபுராணம். அவர் சந்நிதியில் பொய்ச் சத்தியம் செய்ய அப்பகுதி மக்கள் அஞ்சுவார்கள். கடன் தகராறு, திருட்டுக் குற்றச்சாட்டு முதலியவற்றில், "காணிப்பாக்கத்தில் பிரமாணம் செய்கிறாயா?" என்று கேட்பது இன்றும் வழக்கம். குளத்தில் நீராடி ஈர உடையோடு சந்நிதிக்கு வரும்போதே உண்மையை ஒப்புக்கொண்டவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதுண்டு.

பாகுதா நதிக்கு அப்பெயர் வந்த கதை மகாபாரதத்தின் சாந்தி பருவத்தோடு தொடர்புடையது. சங்கர், லிகிதர் என்ற இரு சகோதரர்கள் தனித்தனி ஆசிரமங்களில் வாழ்ந்தனர். அண்ணன் இல்லாத வேளையில் அவரது ஆசிரமத்திற்கு வந்த லிகிதர், அங்கிருந்த கனியைக் கேளாமல் பறித்து உண்டார். திரும்பி வந்த சங்கர், "இது திருட்டு. அரசனிடம் சென்று உன் குற்றத்தைக் கூறித் தண்டனை பெற்று வா" என்று அனுப்பினார். சுத்யும்ன மன்னன் முனிவரை மன்னிக்கவே விரும்பினான். லிகிதர் இணங்கவில்லை. கைகள் வெட்டப்பட்டன. அண்ணனிடம் திரும்பியபோது, நதியில் நீராடி முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்யும்படி அவர் பணித்தார். நீரில் மூழ்கிய லிகிதருக்குக் கைகள் மீண்டும் வளர்ந்தன.

"இந்த ஆற்றல் உங்களிடம் இருக்கும்போது முதலிலேயே என்னைத் தூய்மைப்படுத்தியிருக்கலாமே?" என்று தம்பி கேட்டார். தண்டிக்கும் உரிமை தமக்கு இல்லை, அது அரசனுடையது என்றும், கடமையைச் செய்ததால் அரசனும் தூயவன் ஆனான் என்றும் அண்ணன் விளக்கினார்.

இக்கதையில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. சங்கருக்குத் தம்பியின் மேல் வெறுப்பு இல்லை. அன்பு இருந்ததால் அவர் குற்றத்தை மறைக்கவும் இல்லை. செயலைத் தவறு என்று சொல்வது வேறு, செய்தவனை இழிந்தவன் என்று ஒதுக்குவது வேறு. 'எடைபோட நாம் யார்?' என்னும் பணிவு இரண்டாவதற்கு மிகவும் பொருந்தும். ஒருவனுடைய ஆன்மாவின் மதிப்பை நம்மால் அளக்க இயலாது. ஆனால் கண்ணால் கண்டதைச் சொல்ல மறுப்பதற்கு அதே வாசகத்தைக் கேடயமாக்கினால், அது பணிவு ஆகாது.

சபையின் மௌனம்

கௌரவர் சபையில் திரௌபதி கேள்வி எழுப்பியபோது, அறிஞர்கள் பலர் அங்கே அமர்ந்திருந்தனர். தர்மம் நுட்பமானது என்று கூறிப் பீஷ்மர் தயங்கினார். விகர்ணன் என்ற இளைஞன் மட்டும் துணிந்து நியாயம் பேசினான். அப்போது விதுரர் சபையோருக்குப் பிரகலாதனின் கதையை நினைவூட்டினார். பிரகலாதனின் மகன் விரோசனனுக்கும் சுதன்வா என்ற அந்தணனுக்கும், யார் உயர்ந்தவர் என்ற வாதம் எழுந்தது. உயிரைப் பணயமாக வைத்த இருவரும் பிரகலாதனையே நீதிபதியாக நாடினர். பிரகலாதன் காசியபரின் அறிவுரையைக் கேட்டான். நிந்திக்கத் தக்கதை நிந்திக்காமல் சபையில் மௌனமாக இருப்பவர்களையும் பாவத்தில் ஒரு பங்கு சேரும் என்று அவர் உரைத்தார். பிரகலாதன் தன் மகனுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னான். அதில் மகிழ்ந்த சுதன்வா, விரோசனனின் உயிரைத் திருப்பி அளித்தான்.

விதுரர் இக்கதையைச் சொன்னது நீதிபதிகளுக்கு மட்டுமன்று. சபையில் அமர்ந்திருந்த அனைவருக்கும் சொன்னார்.

எனக்கு வந்த அழைப்பு

நம் நாட்டில் அஸெஸர் முறை 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. ஜூரி முறையைக் கைவிடலாம் என்று 1958இல் சட்ட ஆணையம் தன் 14ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. மறு ஆண்டு பம்பாயில் நடந்த கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கு அம்முறையின் குறைகளை நாடறியச் செய்தது. ஒன்பது ஜூரர்களில் எட்டுப் பேர் அவரைக் குற்றமற்றவர் என்றனர். பத்திரிகைகளின் பரபரப்பும் மக்களின் அனுதாபமும் சூழ்ந்திருந்த வழக்கு அது. செஷன்ஸ் நீதிபதி அத்தீர்ப்பை ஏற்காமல் உயர்நீதிமன்றத்திற்கு அனுப்பினார். அங்கு வழங்கப்பட்ட தண்டனையை 1961இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, குற்ற வழக்குகளில் ஜூரிக்கு இடமில்லாமல் போயிற்று. ஆகவே என் தலைமுறைக்கு அந்த ஓலை வரவே இல்லை. 'நமக்கு அந்தச் சோதனை இல்லை' என்று நானும் நினைத்திருந்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசி மாதம். காரில் குடும்பத்தோடு சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சென்றுகொண்டிருந்தோம். மஞ்சள் உடையணிந்த பாதயாத்திரிகர்கள் சாலையோரமாக நடந்துகொண்டிருந்தார்கள். சந்திரகிரியை நெருங்கும்போது, எங்களுக்கு முன்னே சென்ற ஒரு வண்டி அவர்களில் ஒருவரை மோதித் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. பொழுது நன்றாக விடிந்திருந்தது. வண்டியின் நிறமும் எண்ணின் ஒரு பகுதியும் என் கண்ணில் பட்டன. இறங்கினோம். மற்றவர்கள் அவரைத் தூக்கி ஓர் ஆட்டோவில் ஏற்றினார்கள். சிறிது நேரத்தில் காவலர் ஒருவர் வந்து, "பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

நான் பேசவில்லை. தரிசன நேரம் குறித்த சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. நீதிமன்றம், அலைச்சல், வெளியூர் வழக்கு என்று மனம் கணக்குப் போட்டது. "நேரமாகிறது, புறப்படலாம்" என்று சொல்லிக் காரில் ஏறிவிட்டேன்.

அன்று மலையில் தரிசனம் நன்றாகவே கிடைத்தது. "பெருமாளே, அழைத்தாயே!" என்று கைகூப்பினேன். கீழே இறங்கும்போதுதான் பாட்டனாரின் நினைவு வந்தது. அவர் பாதிக் காதாவது கொடுத்தார். நான் முழுக் கண்ணால் கண்டும் ஒன்றும் கொடுக்கவில்லை. காலையில் காவலர் கேட்ட கேள்வியும் ஓர் அழைப்புத்தான். பட்டியல் போட்டுக் குலுக்கி எடுத்ததுபோல், அந்த நேரத்தில் அந்த இடத்தில் என்னை நிறுத்தியவன் யார்? அந்த யாத்திரிகர் என்ன ஆனார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. அந்த இரண்டாவது பிழைதான் இன்று என்னை அதிகமாக வருத்துகிறது.

வற்புறுத்தல் இல்லாத கடமை

விபத்தில் உதவ முன்வருவோரைத் துன்புறுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளுக்கு 2016இல் உச்சநீதிமன்றம் சட்ட வலிமை அளித்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. உதவியவர் தம் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தப்படுவதில்லை. சாட்சி சொல்ல அவரே முன்வந்தால், அவருக்கு வசதியான முறையில் விசாரிக்க வேண்டும். என் போன்றவர்கள் அஞ்சிய பல சிரமங்களைச் சட்டம் குறைத்திருக்கிறது.

அன்று வராதவருக்கு நூறு ரூபாய் அபராதம் இருந்தது. இன்று நம்மை வற்புறுத்துவோர் இல்லை. அதனால் பொறுப்புக் குறைந்துவிட்டதா? முன்பு அரசாங்கம் செய்த வேலையை இப்போது நம் மனச்சாட்சி தனியே செய்ய வேண்டியிருக்கிறது. அபராதத்திற்கு அஞ்சிச் செல்பவன் சட்டத்தை மதிக்கிறான். யாரும் கேளாதபோதும் தானே சென்று, "நான் பார்த்தேன்" என்று சொல்பவன் தர்மத்தை மதிக்கிறான்.

அப்படிச் சொல்லும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. கண்டதை மட்டுமே சொல்ல வேண்டும். காணாததைக் கோபத்தினாலோ இரக்கத்தினாலோ சேர்க்கலாகாது. நம்மவர், பிறர் என்ற வேறுபாடு துலாக்கோலைச் சாய்க்கலாகாது. கேட்கும்போது மனம் முழுவதும் அங்கே இருக்க வேண்டும். பூசையில் மனம் ஒருமுகப்பட வேண்டும் என்று பயில்கிறோம். அந்தப் பயிற்சி ஒரு மனிதனின் வாழ்வு நம் சொல்லைச் சார்ந்து நிற்கும் வேளையில் பயன்படாவிட்டால், வேறு எதற்குப் பயன்படும்?

அண்டை வீட்டுச் சண்டையில், அலுவலகத்தில் ஒருவர்மேல் வீண்பழி விழும்போது, உறவினரிடையே சொத்துப் பிரிக்கும்போது, "நீ என்ன சொல்கிறாய்?" என்று நம்மை நோக்கி ஒரு கேள்வி வருகிறது. உத்தரவு முத்திரையோடு வராததால் அது அழைப்பு என்று நமக்குப் புரிவதில்லை. 'எனக்கு அழைப்பே வரவில்லை' என்று கூறுபவர்கள் தம் நாட்களைச் சற்றுத் திரும்பிப் பார்க்கட்டும். எத்தனையோ அழைப்புகள் வந்து, பதிலின்றித் திரும்பிப் போயிருக்கும்.

இப்போது புரட்டாசியில் சந்திரகிரி வழியாகச் செல்லும்போதெல்லாம் அந்த இடத்தில் காரை நிறுத்தச் சொல்கிறேன். சற்று நேரம் நின்று, நடந்து செல்லும் அடியார்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் புறப்படுகிறேன். அது பிராயச்சித்தம் ஆகாது என்பதை அறிவேன். அடுத்த முறை யாரேனும் "பார்த்தவர் யார்?" என்று கேட்டால், "நான்" என்று சொல்லும் துணிவை அருள வேண்டும் என்பதே அப்போது என் பிரார்த்தனை.