தாலியும் பிரமாணமும்

அவிநாசியிலிருந்து கோயம்புத்தூர் செல்லும் சாலையில் உள்ள கருமத்தம்பட்டியில், 1846ஆம் ஆண்டு மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்ற மரியோன் பிரெசியாக் என்னும் பிரெஞ்சு தேசத்துக் குருவானவர், 1855இல் அப்பதவியைத் துறந்ததற்கு, ரோமாபுரியின் கட்டளைக்கும் இந்நாட்டுக் கிறிஸ்தவர்களின் அன்றாட அநுஷ்டானத்துக்கும் இடையே அவருடைய மனச்சாட்சி பட்ட வேதனையே பெருங்காரணம். 1704இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் துர்னோன் பிறப்பித்து, 1744இல் 14ஆம் பெனடிக்ட் பாப்பரசர் உறுதிசெய்த அக்கட்டளை, பிள்ளையார் உருவம் பொறித்த தாலியையும் கலியாணத்தில் தேங்காய் உடைப்பதையும் விலக்கியது; அதற்குக் கீழ்ப்படிவதாக இங்கு வந்த குருக்கள் பிரமாணம் செய்யவேண்டும் என்ற நியதி 1940வரை நீடித்தது. ஆயினும் எந்த வழக்கத்தைச் சகிக்கலாம், எதைச் சகிக்கலாகாது என்பதில் குருக்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இருந்ததில்லை.

சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் உள்ள இடைவெளி யாவும் ஒரே தன்மையன அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. விவாகத்தை விவாகமாக்குவது மணமக்களின் சம்மதமே என்பது திருச்சபையின் போதனை. குருவும் சாட்சிகளும் முன்னிற்க அச்சம்மதம் வெளிப்படவேண்டும் என்று 1563இல் திரெந்து பொதுச்சங்கம் விதித்தது. நம்மூர்க் கோயில்களிலோ, மணப்பெண் தலைகுனிந்து அவ்வார்த்தைகளை முணுமுணுக்கையில் பின்வரிசைகளில் பேச்சு ஓய்வதில்லை. குருவானவர் மந்திரித்துக் கொடுத்த, சிலுவை பொறித்த தாலி கழுத்தில் ஏறும் கணத்தில்தான் எல்லோரும் எட்டிப் பார்க்க, கிழவிகளின் கண்கள் கலங்குகின்றன. தாலி வெறும் அடையாளமே என்று அவர்களிடம் வேதசாஸ்திரம் பேசுவானேன்? ஒருமுறை வாயால் சொன்ன சம்மதத்தை ஆயுள் முழுதும் கழுத்தில் தாங்கி நிற்பது குறைந்த சாட்சியமா?

சாதி விஷயமோ அவ்வாறன்று. ஞானஸ்நானம் பெற்றோர் யாவரும் கிறிஸ்துநாதருக்குள் ஒன்றே என்பது அர்ச். சின்னப்பர் காலந்தொட்டு வரும் போதனையாயிருந்தும், திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களையும் சாதியின்பேரில் பிரித்துச் சுவர் எழுப்பினார்கள். இதைப் பாமர ஜனங்களின் பக்தி என்றோ, தேசாசாரம் என்றோ சொல்லித் தப்பமுடியாது. என் மனத்தை அதிகம் வருத்துவது இன்னொன்று: ஒதுக்கப்பட்ட மக்களின் குடிசைக்குள் சென்று நோயாளிக்குத் தேவதிரவிய அநுமானங்களைக் கொடுக்கவேண்டும் என்று துர்னோன் வற்புறுத்தியிருக்க, அவர்களுக்கென்று வேறு குருக்களை நியமித்துக்கொள்ளும் ஏற்பாட்டை 1744ஆம் ஆண்டில் ரோமாபுரியே ஒப்புக்கொண்டது. தேங்காய் விஷயத்தில் அணுவளவும் இளகாத அதிகாரம், தளரவே கூடாத இந்த ஓரிடத்தில்தான் ஊர்வழக்கத்துக்கு இணங்கிப்போயிற்று.