மனமுவந்து

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பே எங்கள் வீட்டில் சிறுபயறு வறுக்கும் மணம் எழுந்துவிடும். நாகர்கோவில் பக்கத்து வீடுகளில் முந்திரிக்கொத்து இல்லாமல் பண்டிகை இல்லை. வறுத்துத் திரித்த பயற்றோடு தேங்காயைச் சேர்த்து, வெல்லப்பாகு ஊற்றி, சூடு ஆறுவதற்குள் உருட்டிவிட வேண்டும். ஆறினால் உருண்டை பிடிக்காது, உதிர்ந்துபோகும். உள்ளங்கை சிவந்து எரியும். பன்னிரண்டு வயதில் முதல்முறையாக உருட்ட உட்கார்ந்தபோது அம்மா சொன்னாள்: “மொகத்தத் தூக்கி வச்சிட்டுச் செய்யாத மக்ளே. ஆண்டவருக்குன்னு நெனச்சு சந்தோசமாச் செய்யணும். இல்லன்னா செஞ்சது அம்புட்டும் வீணு.”

கை எரிவதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைப் பற்றித்தான் சொன்னாள்.

வேலையைக் கேட்பது ஒன்று. வேலையோடு மனத்தையும் கேட்பது வேறொன்று. கூலிக்கு வேலை செய்பவள் உழைப்பைக் கொடுத்தால் போதும், அவள் முகம் அவளுடையது. வீட்டுப் பெண்ணிடம் இரண்டையும் கேட்கிறோம். நடுராத்திரியில் கேரல் பாட வருகிறவர்களுக்குத் தூக்கத்திலிருந்து எழுந்து கருப்பட்டிக் காப்பி போட வேண்டும், சிரித்துக்கொண்டும் கொடுக்க வேண்டும். பாடியவர்களுக்கு மறு ஞாயிறு ஆலயத்தில் நன்றி சொல்வார்கள். காப்பிக்கு யாரும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை.

மகிழ்ச்சியோடு கொடுப்பதைப் பற்றிய பிரசங்கங்களுக்கு எல்லாம் ஆதாரம் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 9ஆம் அதிகாரம். எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்க்கும்போது எழுதியது அது. கட்டாயத்தால் எவரும் கொடுக்க வேண்டியதில்லை என்ற கருத்தும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. அந்த வசனத்தில் எங்கள் அடுக்களைக்கு வந்து சேர்ந்தது மகிழ்ச்சி மட்டும்தான். கட்டாயம் கூடாது என்ற பாதி ஆலய வாசலிலேயே நின்றுவிட்டது.

தமிழ் படித்தவள் என்பதால் எனக்குச் சொற்களின் மேல் ஒரு கண். மாற்கு 1:13இல் தேவதூதர்கள் இயேசுவுக்குச் செய்வதையும், 1:31இல் காய்ச்சல் நீங்கி எழுந்த பேதுருவின் மாமி செய்வதையும் கிரேக்க மூலம் ஒரே வினைச்சொல்லால்தான் குறிக்கிறது. நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் தூதர்கள் செய்வது ‘ஊழியம்’, அந்த அம்மா செய்வது ‘பணிவிடை’. லூக்கா 8:3இல் தங்கள் சொத்தைக் கொண்டு உதவிய பெண்களுக்கு ‘ஊழியம்’ கிடைத்திருக்கிறது. ஆக, பெண் என்பது மட்டும் காரணமில்லை. வீட்டுக்குள் நடந்தது என்பதும் சேரும்போதுதான் சொல் இறங்கிவிடுகிறது. படுக்கையிலிருந்து எழுந்தவளை, இன்று இருந்து இளைப்பாறு என்று யாராவது சொன்னார்களா என்பதும் எழுதப்படவில்லை.

‘ஊழியம்’ என்ற சொல்லுக்கு எங்கள் மாவட்டத்தில் இன்னொரு வரலாறும் உண்டு. இது திருவிதாங்கூர் சமஸ்தானமாக இருந்த காலத்தில், ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் கூலியில்லாமல் வாங்கிய கட்டாய உழைப்புக்குப் பெயர் ஊழியம். 19ஆம் நூற்றாண்டில் லண்டன் மிஷன் சபைகளில் சேர்ந்தவர்கள் போராடிப் பெற்ற உரிமைகளில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு. அந்தச் சொல்லைத்தான் பின்னர் தங்கள் சபையின் மிக உயர்ந்த சொல்லாக உச்சரித்தார்கள். ‘வரமாட்டேன்’ என்று சொல்ல முடிந்த பிறகுதான் ‘வருகிறேன்’ என்பதற்குப் பொருள் வந்தது. எங்கள் முன்னோர் ஆலயத்துக்காகக் கண்ட இந்த உண்மை அடுக்களைக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போனது?

இதோடு முடித்துக்கொண்டால் எனக்கு எளிது. ஆனால் அம்மாவை அப்படி முடித்துவிட முடியவில்லை. சில வருடங்களுக்கு முன் சிக்குன்குனியா வந்து அவளுக்கு விரல்கள் மடங்காமல் போயின. “கடையில் வாங்கிக்கொள்ளலாம், நீங்கள் முன்னறையில் உட்காருங்கள்” என்றேன். விடுதலை கொடுத்துவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை. அன்று இரவு அவள் அழுதாள். “வாறவங்களுக்கு எங் கையால குடுக்க ஒண்ணுமில்லாமப் போச்சே” என்றாள். அம்பது வருடம் அவள் முகத்தில் பார்த்த மகிழ்ச்சி நடிப்பில்லை என்று அப்போது தெரிந்தது. ஊருக்குக் கொடுக்க அவளிடம் வேறு பணமோ பதவியோ இருந்ததில்லை. அவளுக்கு இருந்தது அந்த உருண்டைகள்தாம்.

அந்த மகிழ்ச்சி உண்மை என்பதால் அந்த ஏற்பாடு நியாயமாகிவிடாது. ஏற்பாடு அநியாயம் என்பதால் அவள் மகிழ்ச்சி பொய்யாகிவிடவும் செய்யாது. பெண்ணியம் பேசும் நாம் இரண்டாவதை மறந்துவிடுகிறோம், சபை முதலாவதை.

போன டிசம்பரில் தம்பியை உருட்ட உட்கார வைத்தேன். அம்மா நாற்காலியில் இருந்து பக்குவம் சொன்னாள். முதல் பிடியிலேயே அவன் ‘ஆ’ என்று கையை உதறினான். அம்மா பதறிப்போனாள்: “கை எரியுதா மக்ளே? விட்டுரு, போதும்.”

நானும் அங்கேதான் இருந்தேன். அவன் முகத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் விடவில்லை. முனகிக்கொண்டே, கையில் ஊதிக்கொண்டே, கடைசி உருண்டை வரை உருட்டினான். எழுந்து போகலாம் என்று தெரிந்தும் உட்கார்ந்திருந்தான். மனமுவந்து செய்வது இதுதான் என்று நினைத்தேன். பன்னிரண்டு வயதில் என்னிடமும் ‘விட்டுரு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானும் எழுந்து போயிருக்க மாட்டேன்.